ஒரு ஏரிக்கு எத்தனை சட்டம்?

எங்கள் ஊர் ஏரியில் நிற்கிற தண்ணீர் நீர்வளத்துறையுடையது. அதில் துள்ளுகிற மீன் குத்தகைக்குப் போகும், அந்தக் காசு வேறொரு கணக்கில் சேரும். உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பரப்புக்குள், நிற்கும் கருவேல மரத்தை வெட்ட வனத்துறையைக் கேட்க வேண்டும். அடியில் படிந்திருக்கும் வண்டல் இருக்கிறதே, அது மண் இல்லை, சட்டப்படி சிறு கனிமம், அள்ளுவதற்கு 1959ஆம் வருடத்து விதிகள் தனியாக இருக்கின்றன. ஏரியின் எல்லை எது என்பதை வருவாய்த்துறைதான் சொல்ல முடியும். சாக்கடை கலந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் பாதி தூரம் ஒருவர் பொறுப்பு, மீதி தூரம் யார் பொறுப்பு என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சில வருடங்களுக்கு முன்னால் அந்த வரத்து வாய்க்காலின் குறுக்கே மண் கொட்டி ஒரு மனைப்பிரிவுக்குப் பாதை போட்டார்கள். மழை வந்தது, ஏரிக்குத் தண்ணீர் வரவில்லை, ரோட்டில் போனது. மனு எழுதிக்கொண்டு போனேன். ஒரு அலுவலகத்தில் "ஏரி எங்களுடையது, வாய்க்கால் எங்களுடையது இல்லை" என்றார்கள். அடுத்த அலுவலகத்தில் "வாய்க்கால் எங்கள் பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் தூர்வாருவது எங்கள் வேலை இல்லை" என்றார்கள். மூன்றாவது இடத்தில் நல்ல மனிதர் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "எந்தச் சட்டத்தின் கீழே கேட்கிறீங்க சார்?" என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். பதில் என்னிடம் இல்லை. அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அரசியலமைப்பு. காவிரி, முல்லைப் பெரியாறு என்று பேசிப் பேசி, தண்ணீர் என்றாலே டெல்லி விவகாரம் என்கிற எண்ணம் நமக்கு வந்துவிட்டது. அப்படி இல்லை. ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 17ஆவது பதிவு தண்ணீரை மாநிலத்தின் கையில்தான் கொடுத்திருக்கிறது: நீர் வழங்கல், பாசனம், கால்வாய், வடிகால், கரை, நீர்த்தேக்கம், நீர்மின்சாரம் எல்லாம். ஒன்றியப் பட்டியலின் 56ஆவது பதிவு மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளுக்கு மட்டும். அதாவது காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடமான பிலிகுண்டுலுவில் எவ்வளவு வர வேண்டும் என்பதுதான் வெளிப் பிரச்சினை, உச்ச நீதிமன்றம் 2018இல் 177.25 டிஎம்சி என்று முடித்து வைத்தது. வந்த தண்ணீரையும், அதைவிட முக்கியமாக இங்கேயே பெய்கிற மழையையும் என்ன செய்வது என்பது முழுக்க முழுக்க சென்னைக் கோட்டையின் வேலை. தமிழ்நாட்டின் மொத்த மேற்பரப்பு நீர் 853 டிஎம்சி என்பது அரசு வழக்கமாகச் சொல்லும் கணக்கு, அதில் பக்கத்து மாநிலங்களிலிருந்து வருவது மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. மிச்சம் எல்லாம் நம் கூரையிலும் நம் காட்டிலும் நம் ஏரியிலும் விழுவது. காவிரியின் டிஎம்சி கணக்கு நம்மில் பாதிப் பேருக்கு மனப்பாடம். சொந்த ஊர் ஏரியின் சர்வே எண் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, மாநிலத்தின் கையில் இருக்கிறது, மாநிலம் என்ன சட்டம் வைத்திருக்கிறது என்று பார்த்தால், முதல் ஆச்சரியம்: முழுமையான பாசனச் சட்டம் என்று ஒன்று தமிழ்நாட்டில் கிடையாது. கர்நாடகத்துக்கு 1965இலிருந்து இருக்கிறது, கேரளத்துக்கு 2003இலிருந்து இருக்கிறது. நம்மிடம் இருப்பது துண்டு துண்டாகத் தைத்த ஒரு சட்டை. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு அவசரத்துக்காகத் தைத்தது.

இது இன்று வந்த குறை இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே வட இந்தியாவுக்கு 1873இல் கால்வாய் சட்டம் வந்தது, வங்காளத்துக்கு 1876இல், பம்பாய்க்கு 1879இல். சென்னை மாகாணத்துக்கு மட்டும் வரவில்லை. முயற்சி செய்யாமல் இல்லை, மசோதாக்கள் எழுதப்பட்டன, எதுவும் தேறவில்லை. ஏன் என்று யோசித்தால் காரணம் ஓரளவு புரியும். பஞ்சாபில் கால்வாயை வெட்டியதே அரசு, ஆகவே தண்ணீர் என்னுடையது என்று எழுதிக்கொள்வது சுலபம். இங்கே அரசு வருவதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்னாலேயே ஏரிகள் இருந்தன. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டு ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறது, அது பத்தாம் நூற்றாண்டு. ஊருக்கு ஊர் முறை வேறு, மாமூல் (பழைய வழக்கம்) வேறு, மேல் ஏரி கோடி போனால்தான், அதாவது நிரம்பி வழிந்தால்தான், கீழ் ஏரிக்குத் தண்ணீர் என்கிற சங்கிலி வேறு. ஜமீன்தார் இருந்தார், இனாம்தார் இருந்தார், கோயில் இருந்தது. இதையெல்லாம் மீறி "தண்ணீர் அரசுடையது" என்று ஒரே வரியில் எழுதினால் எல்லாரும் சேர்ந்துகொண்டு எதிர்ப்பார்கள்.

அதனால் அரசு சுற்றிவளைத்து வந்தது. முதல் வழி, கூலி. 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போட்டார்கள். வெள்ளத்தில் கரை உடையப்போகிறது என்றால் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு வேலை வாங்கலாம் என்பது ஒரு பகுதி. இன்னொரு பகுதி குடிமராமத்து, அதாவது ஊரார் கூடி ஏரியைப் பழுதுபார்க்கும் வழக்கம் பற்றியது: வழக்கப்படி ஏரி வேலைக்கு வர வேண்டியவன் வராமல் போனால், அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு அவனிடம் வசூலிக்கலாம். ஊர் தானாகச் செய்துகொண்டிருந்ததைச் சட்டத்துக்குள் இழுத்து, அபராதத்தோடு கட்டிவைத்த முயற்சி இது. இரண்டாவது வழி, வரி. 1865இல் வந்த பாசன வரிச் சட்டம் அளவில் ரொம்பச் சின்னது. அரசுக்குச் சொந்தமான ஆறு, ஓடை, வாய்க்கால், ஏரி, அரசு கட்டிய வேலை, இவற்றிலிருந்து தண்ணீர் பாய்ச்சினால் தீர்வை கட்டு என்பதுதான் சாரம். யாருக்கு உரிமை, யாருக்கு முதல் முறை, பஞ்சத்தில் யார் விட்டுக்கொடுப்பது, எதுவும் அதில் இல்லை.

"அரசுக்குச் சொந்தமான" என்ற அந்த வார்த்தை மேல்தான் அரை நூற்றாண்டு வழக்கு நடந்தது. அன்றைய கஞ்சம் மாவட்டத்தில், இன்றைய ஆந்திரத்தின் வடகோடியில் இருக்கும் ஊர்லாம் ஜமீன் வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1917இல் முடிந்தது. ஆற்றிலிருந்து தங்கள் வாய்க்கால் வழியாக ஆண்டாண்டுகாலமாக எடுத்துவரும் அளவுக்கு ஜமீன்தார்கள் வரி கட்டத் தேவையில்லை என்று தீர்ப்பு. இதில் எனக்குப் பிடித்தது தீர்ப்பு இல்லை, அந்தக் காட்சி. சமுத்திரம் தாண்டி உட்கார்ந்திருக்கும் நீதிபதிகள் ஒரு வாய்க்காலின் மாமூல் அளவை எடைபோடுகிறார்கள். நம்மூர் வாய்க்காலுக்கு அவ்வளவு கவனம் அதற்குப் பிறகு கிடைத்ததா என்பது சந்தேகம்.

மூன்றாவது வழி, நிலம். இதுதான் இன்றுவரை நம்மைப் பிடித்து ஆட்டுவது. 1905ஆம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம், ஆற்றுப் படுகை, ஏரி, குளம், வாய்க்கால், ரோடு, தெரு என்று தனியார் சொத்து என்று நிரூபிக்கப்படாத எல்லாம் அரசு நிலம் என்கிறது. அதில் உட்கார்ந்தவனுக்கு 7ஆம் பிரிவு நோட்டீஸ், பிறகு 6ஆம் பிரிவில் அப்புறப்படுத்தல். கிராமத்தில் இந்தச் சட்டத்தை யாரும் இந்தப் பெயரில் சொல்ல மாட்டார்கள், "பி மெமோ" என்பார்கள். புறம்போக்கில் பயிர் வைத்தவனுக்கு வருடா வருடம் பி மெமோ போட்டு அபராதத் தீர்வை வாங்குவது வழக்கம். சட்டம் நினைத்தது, அபராதம் கட்டிக் கட்டி அலுத்துப்போய் ஆள் வெளியேறிவிடுவான் என்று. நடந்தது வேறு. அந்த ரசீதுகளைப் பத்திரம் போல டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு, "முப்பது வருடமாக அரசாங்கமே என்னிடம் வரி வாங்கியிருக்கிறது, பட்டா கொடு" என்று கேட்கிறான். ஆக்கிரமிப்புக்கான தண்டனைச் சீட்டே அனுபவத்துக்கான அத்தாட்சி ஆகிவிட்டது.

இந்த நிலப் பார்வையில் ஒரு கோளாறு இருக்கிறது. ஏரி என்பது நிலம் இல்லை, ஒரு ஏற்பாடு. மேலே நீர்பிடிப்பு, அப்புறம் வரத்து வாய்க்கால், உள்வாய், கரை, மதகு, நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கல், கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் உபரிக் கால்வாய், கீழே ஏரித் தண்ணீர் பாயும் வயல்களான ஆயக்கட்டு. இதில் எது அடைபட்டாலும் ஏரி செத்தது. ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் ஒவ்வொன்றும் ஒரு தனி சர்வே எண், ஒரு தனிப் பரப்பளவு, ஒரு தனி வகைப்பாடு. வாய்க்காலை அடைத்தவன் ஏரிக்குள் ஒரு அடிகூட வைக்கவில்லை என்று பதிவேடு சொல்லும். எல்லை சரியாக இருக்கும், தண்ணீர் இருக்காது.

சுதந்திரத்துக்குப் பிறகு ஜமீன் ஒழிப்பு. 1948ஆம் வருடத்துச் சட்டத்தால் ஆயிரக்கணக்கான ஜமீன் ஏரிகளும் கண்மாய்களும் அரசுக்கு வந்தன. பலவும் பராமரிப்பு இல்லாமல் மேடேறிப்போயிருந்தவை. அதற்கு முன்பே 1943இல், ஜமீன்தார் பழுது பார்க்காத பாசன வேலைகளை அரசே செய்து செலவை வசூலிக்கலாம் என்று ஒரு சட்டம் போட வேண்டி வந்தது என்றால், நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் யார் பார்த்துக்கொள்வது? ஒரு கோடு போட்டார்கள். 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கர் ஆயக்கட்டுக்கு மேலே இருந்தால் பொதுப்பணித்துறை (அதன் பாசனப் பிரிவுதான் இன்றைய நீர்வளத்துறை), அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். நிர்வாகத்துக்கு வசதியான கோடு. தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியாது. 110 ஏக்கர் ஏரி கோடி போய் 60 ஏக்கர் தாங்கலுக்கு வந்து, அங்கிருந்து 200 ஏக்கர் ஏரிக்குப் போகும் சங்கிலிகள் வடமாவட்டங்களில் சாதாரணம். அந்தச் சங்கிலியில் இஞ்சினியர் மாறி ஓவர்சியர் வந்து மறுபடி இஞ்சினியர் வருவார். தமிழ்நாட்டில் 39,000க்கு மேல் ஏரி குளங்கள் இருக்கின்றன என்று சொல்லும்போது நாம் ஒரு பெரிய எண்ணை நினைத்துப் பெருமைப்படுகிறோம். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம்தான் நீர்வளத்துறை வசம். மற்றவை பெரும்பாலும் உள்ளாட்சிகளிடம், பணமும் ஆளும் குறைவாக இருக்கும் இடத்தில்.

விளைவைப் பாசனக் கணக்கே சொல்லும். 1960களின் தொடக்கத்தில் ஏரிப் பாசனம் 9 லட்சம் ஹெக்டேரைத் தாண்டி இருந்தது. இன்று அதில் பாதியைத் தொட்டாலே பெரிது. அந்த இடத்தைக் கிணறும் போர்வெல்லும் பிடித்துக்கொண்டன. கிணற்றுக்காவது சட்டம் இருக்கிறதா என்றால், 2003இல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள், 2013இல் அதையே ரத்து செய்தார்கள். ஏரி நிரம்பினால்தான் கிணறு ஊறும் என்று எந்த விவசாயிக்கும் தெரியும், சட்டம் மட்டும் இரண்டையும் அண்ணன் தம்பி என்று இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்து 2000ஆம் வருடம், விவசாயிகளே பாசனத்தை மேலாண்மை செய்யும் சட்டம். உலக வங்கி ஆசீர்வாதத்தோடு அந்தக் காலத்தில் பல மாநிலங்களுக்கும் வந்த அலை அது. ஆயக்கட்டு அளவில் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம், அதற்கு மேல் பகிர்மானக் குழு, அதற்கு மேல் திட்டக் குழு, தேர்தல், தலைவர் எல்லாம் உண்டு. யோசனை மோசமில்லை. ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. முதலாவது, ஓட்டு நிலம் இருப்பவருக்கு. ஏரியில் மீன் பிடிக்கிறவர், துணி வெளுக்கிறவர், மாடு குளிப்பாட்டுகிறவர், குத்தகைக்கு உழுகிறவர், பட்டா தன் பேரில் இல்லாத பெண், இவர்களுக்கெல்லாம் ஏரி வேண்டும், ஆனால் சங்கத்தில் இடம் கிடைப்பது கஷ்டம். இரண்டாவது, ஊரில் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருந்தது. நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையர் என்று ஊருக்கு ஒரு பெயர் சொல்வார்கள். மதகு திறப்பதும் மூடுவதும், யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று பங்கிடுவதும் அவர் வேலை, சம்பளம் களத்தில் நெல்லாகக் கிடைக்கும். பெரும்பாலும் அவர் நிலமற்றவர், அதனாலேயே பாரபட்சம் பார்க்க மாட்டார் என்கிற நம்பிக்கை. அவருக்கு அந்தச் சட்டத்தில் நாற்காலி எதுவும் போடவில்லை. தலைவர் வந்தார், நீர்க்கட்டி வெளியே நின்றார். சாதியின் பேரில் ஒரு குடும்பத்தை அந்த வேலைக்குக் கட்டிப்போட்ட பழைய முறையை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அவருடைய அறிவையாவது எழுதி வைத்திருக்கலாம் என்பதுதான் ஆதங்கம்.

இப்போது எல்லாரும் மேற்கோள் காட்டும் சட்டத்துக்கு வருவோம். 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம். பெயரில் "பாதுகாப்பு" முதலில் வருகிறது, ஆனால் உள்ளே வேலை செய்வது இரண்டாவது பாதிதான். ஏரியை அளக்க வேண்டும், எல்லை குறித்து வரைபடமும் பதிவேடும் தயாரிக்க வேண்டும், அறிவிக்க வேண்டும், ஆக்கிரமித்தவருக்கு நோட்டீஸ் கொடுத்து, போகாவிட்டால் போலீஸ் துணையோடு அகற்ற வேண்டும். நல்ல சட்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பொதுப்பணித்துறை ஏரிகளுக்கு எழுதப்பட்டது. ஒன்றியத்துக் குளம், ஊராட்சிக் குட்டை, ஊருணி, கோயில் தெப்பக்குளம் எல்லாம் அந்தக் குடைக்கு வெளியே. இன்னொன்று, ஏரிக்கு இவ்வளவு தண்ணீர் வந்து சேர வேண்டும், அதற்கு இன்னார் பொறுப்பு, வராவிட்டால் இன்னாரைக் கேட்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. திருடன் நுழைந்தால் பிடிக்க ஏற்பாடு இருக்கிறது, வீட்டுக்குச் சோறு வருகிறதா என்று பார்க்க ஏற்பாடு இல்லை.

இந்தச் சட்டம் வந்ததும் நீதிமன்றத்தில் ஒரு வினோதமான குழப்பம் வந்தது. அதற்கு முன்பே 2005இல் கிருஷ்ணன் என்பவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், வருவாய்ப் பதிவேட்டில் நீர்நிலை என்று இருக்கும் எல்லா இடத்திலிருந்தும் ஆக்கிரமிப்பை அகற்று, பழைய நிலைக்குக் கொண்டுவா என்று அரசுக்கு உத்தரவிட்டிருந்தது. ஓடை, குட்டை எல்லாமே அதில் அடக்கம். 2007 சட்டம் வந்த பிறகு, இனி இந்தச் சட்டம் சொல்லும் ஏரிக்கு மட்டும்தான் பாதுகாப்பு, பழைய தீர்ப்பு காலாவதி என்று ஒரு வாதம் கிளம்பியது. யோசித்துப் பாருங்கள், ஏரியைக் காக்க வந்த சட்டத்தைக் காட்டியே மற்ற நீர்நிலைகளைக் கழற்றிவிடப் பார்த்தார்கள். 2015 அக்டோபரில் முழு அமர்வு ஒன்று உட்கார்ந்து, அப்படி இல்லை, 2007 சட்டத்தால் பழைய தீர்ப்பின் கொள்கை ஒழிந்துவிடவில்லை, சட்டத்துக்குள் வராத நீர்நிலைகளையும் அரசு காக்கத்தான் வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. அடுத்த மாதமே மழை கொட்ட ஆரம்பித்து, டிசம்பர் முதல் தேதி ராத்திரி அடையாறு சென்னைக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் சட்டமன்றத்தைவிட முன்னால் போயிருக்கின்றன என்பது என் எண்ணம். அரசு இயற்கை வளத்தின் முதலாளி இல்லை, மக்கள் சார்பில் வைத்திருக்கும் காவலாளி மட்டும்தான் என்ற பொது நம்பிக்கைக் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் பியாஸ் ஆற்று வழக்கில் ஏற்றுக்கொண்டது 1990களில். 2001இல் உத்தரப் பிரதேசத்து ஒரு கிராமக் குளம் தொடர்பான வழக்கில், குளம் வற்றிப்போய்விட்டது என்பதாலேயே அதை மனையாக்க முடியாது என்றது. 2022 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், நீர்நிலை நிலத்துக்குப் பத்திரம் பதியாதே, கட்டட அனுமதி கொடுக்காதே, மின் இணைப்பும் சொத்து வரி ரசீதும் கொடுக்காதே என்கிற அளவுக்கு இறங்கி வந்தது. ஆனால் தீர்ப்பை வைத்து மட்டும் நீர் மேலாண்மை செய்ய முடியாது. வழக்குப் போட்ட ஏரிக்கு ஜேசிபி வரும், பக்கத்து ஏரிக்கு வராது.

ஜேசிபி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீர்நிலையில் பெரிய ஆக்கிரமிப்பாளர் யார் என்று பார்த்தால் பல ஊர்களில் அது அரசாங்கம்தான். 1920களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் வந்தது, அதுவும் 1920ஆம் வருடத்து நகரமைப்புச் சட்டம் வந்த சூட்டோடு சூடாக. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம். மதுரையில் நீர்நிலை வழக்குகளை விசாரிக்கும் உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாயில் நிற்கிறது, அந்த ஊர்ப் பெயரிலேயே ஏரி இருக்கிறது. பேருந்து நிலையமா, கலெக்டர் ஆபீசா, இடம் வேண்டும் என்றால் அதிகாரி கண்ணுக்கு முதலில் படுவது ஏரிப் புறம்போக்கு. விலை கொடுத்து வாங்க வேண்டாம், கேட்க ஆளில்லை. அப்புறம் கரையோரம் ஓலைக் குடிசை போட்டவனுக்கு நோட்டீஸ் வரும். சென்னையில் கூவம், அடையாறு ஓரத்திலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்தது எங்கே? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்தில். ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றிச் சதுப்பு வெள்ளத்தில் குடியேற்றினார்கள். ஆக்கிரமிப்பை அகற்றக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே சட்டம் குடிசைக்கு ஒரு வேகத்திலும் கான்கிரீட்டுக்கு வேறு வேகத்திலும் ஓடுகிறது என்பதைச் சொல்லாமல் இந்தச் சட்டங்களை விளக்கினால் அது விளக்கமே இல்லை.

ஒன்றிய அரசின் ஈரநில விதிகள் காப்பாற்றும் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் 20 ராம்சார் தலங்கள், அதாவது சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்ற இடங்கள், இருக்கின்றன, எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம், சந்தோஷம். ஆனால் 2017 விதிகளில் ஈரநிலம் என்பதற்கு இருக்கும் விளக்கத்தைப் படித்தால் ஒரு சின்ன விலக்கு கண்ணில் படும்: பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் கட்டிய நீர்நிலைகள் சேராது. கரை கட்டித் தேக்கியது அத்தனையும் மனிதர் கட்டியதுதானே? ஆயிரம் வருடமாக நாரையும் கூழைக்கடாவும் வந்துபோகும் இடமாக இருந்தாலும், தனியாக ராம்சார் பட்டியலிலோ சரணாலயத்திலோ இடம் பிடிக்காத வரை, சட்டத்தின் கண்ணுக்கு அது பாசன வேலை. வேடந்தாங்கலுக்கு அதிர்ஷ்டம் இருந்தது, எத்தனையோ ஏரிகளுக்கு இல்லை.

அப்புறம் 2017இல் குடிமராமத்து திரும்பி வந்தது, திட்டமாக. செலவில் 90 சதவீதம் அரசு, 10 சதவீதம் பயனாளிகள், வேலையை ஆயக்கட்டுதாரர் சங்கமே எடுத்துச் செய்யலாம். சில ஊர்களில் உண்மையாகவே நன்றாக நடந்தது, நான் பார்த்திருக்கிறேன். சில ஊர்களில் சங்கம் என்ற பெயரில் வழக்கமான காண்டிராக்டர்தான் வந்து நின்றார். 2021இல் நீர்வளத்துறை என்று தனி அமைச்சகம் வந்தது, பல வருடக் கோரிக்கை. இரண்டுமே நல்ல விஷயம்தான், இரண்டுமே அரசாணை. ஆட்சி மாறினால் திட்டத்தின் பெயரும் மாறும்.

கடைசியாக 2023. ஏப்ரல் 21ஆம் தேதி சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலை மசோதா நிறைவேறியதும் நாடே கொந்தளித்ததும் ஞாபகம் இருக்கும், அதைப் பிறகு வாபஸ் வாங்கினார்கள். அதே நாளில் விவாதம் இல்லாமல் இன்னொன்றும் நிறைவேறியது: சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டம், அதன் எல்லைக்குள் ஏரியோ ஓடையோ வாய்க்காலோ வந்தால், அரசு அதைச் சிறப்புத் திட்டமாக அறிவித்து, நிபுணர் குழு வைத்து, கருத்துக் கேட்டு, நீர்நிலை உள்ளிட்ட நிலத்தை ஒருங்கிணைத்து மாற்றிக்கொள்ள வழி செய்கிறது. நீர்நிலைகளைப் பாதுகாக்கத்தான் இது என்பது அரசின் வாதம். விவசாய அமைப்புகளும் சூழல் அமைப்புகளும் பரந்தூரைக் கைகாட்டின, அங்கே விமான நிலையத்துக்குக் கேட்ட பரப்புக்குள் எத்தனை ஏரி குளம் வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். 2024இல் சட்டம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. என்னைக் கேட்டால், இது புதிய விஷயமே இல்லை, 1905இலிருந்து வரும் பழைய பார்வையின் அடுத்த கட்டம்தான். ஏரி என்பது இவ்வளவு ஹெக்டேர் புறம்போக்கு என்று முடிவு செய்துவிட்டால், அந்த ஹெக்டேரை இங்கே எடுத்து அங்கே கொடுப்பதில் என்ன தப்பு என்று தோன்றும். ஆனால் ஏரியை எங்கே வெட்டினார்கள்? பள்ளமான இடத்தில், மேலேயிருந்து தண்ணீர் தானாக ஓடிவரும் இடத்தில். வேறு சர்வே எண்ணில் அதே அளவு குழி தோண்டினால் அது குழி.

எனக்கு வேண்டியது பெரிய புரட்சிச் சட்டம் எதுவும் இல்லை. சங்கிலித் தொடரில் இருக்கும் ஏரிகளை, நீர்பிடிப்பிலிருந்து கடைசி வடிகால் வரை ஒரே அலகாகப் பதிவேட்டில் எழுதி, அந்த அலகுக்கு ஒரு அதிகாரியைப் பொறுப்பாக்கி, 100 ஏக்கர் கோட்டை அழித்தால் போதும், பாதிச் சண்டை தீரும். கேரளம் 2008இல் நெல்வயலுக்கும் ஈரநிலத்துக்கும் தனிச் சட்டம் போட்டது, ஆந்திரம் 2002இல் நீர், நிலம், மரம் மூன்றையும் ஒரே சட்டத்தில் வைத்தது. அவையும் ஓட்டை இல்லாதவை இல்லை. ஆனால் எந்தச் சட்டத்தின் கீழே கேட்கிறாய் என்று கேட்டால் அங்கே ஒரு பெயராவது சொல்லலாம்.

என் மனு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஜனவரியில் பதில் வந்தது, மேற்படி இடம் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, விண்ணப்பம் உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று. உரிய அலுவலகம் என்று குறிப்பிட்டிருந்தது நான் முதலில் போன இடம். அதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. அடுத்த வருடம் ஐப்பசிக்கு முன்னால் ஆயக்கட்டுக்காரர்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று காசு போட்டு, மண்வெட்டியோடு போய், பாதைக்குக் கீழே குழாய் பதித்து வாய்க்காலைத் திறந்துவிட்டார்கள். இரண்டு பேர் மட்டும் காசும் தரவில்லை, வேலைக்கும் வரவில்லை. 1858ஆம் வருடத்துச் சட்டப்படி அவர்களிடம் இரட்டிப்புக் கூலி வாங்கலாம் என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவருடைய வயல்தான் மதகுக்கு முதல் வயல், முதல் தண்ணீரும் அவருக்குத்தான் பாய்ந்தது.